ஊர் பெயர் ஒட்டினால் போதுமா?



பாரிசில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் பாட்டிலைப் படமெடுத்து அனுப்பி, "திராட்சையின் பெயரைக் காணோம், ஊர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது, ஏன் சார்?" என்று கேட்டிருந்தார். நான் குடிப்பதில்லை. (புதுச்சேரிக்காரன் இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்!) ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

தெம்ப்ரனியோ என்ற ஒரே திராட்சை ரியோஹாவில் சுண்ணாம்பு கலந்த களிமண்ணிலும் தோரோவில் மணற்பாங்கான நிலத்திலும் விளைகிறது. ஒயின் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிரியோராத் என்ற மலைப்பகுதியில் மண்ணே சிலேட்டுக் கல் சில்லுகள்தான். தண்ணீர் நிற்காது, வேர் ஆழத்துக்குப் போகும், காய்ப்பு குறையும், சாறு திடமாகும். கல்லின் ருசி நேராகப் பழத்தில் ஏறிவிடுவதில்லை. மண் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மண், மேடு பள்ளம், வெயில், மழை, ஊராரின் கைப்பக்குவம் அத்தனைக்கும் சேர்த்து பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்கிறார்கள்.

நம் ஊரில் தள்ளுவண்டிக்காரர் "பண்ருட்டிப் பலா" என்று கூவுவதும் அதேதான். பலாவுக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. செம்மண்ணில் பெய்த மழை கீழே இறங்கிவிடும். அதே கன்றை பாகூர் நெல்வயலில் நட்டால் அழுகிப் போகும். பாகூர் மண் நெல்லுக்கு என்றே அமைந்த மண்.

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறியீடு பெயரைக் காக்கும், மண்ணைக் காக்காது. என் மனக்குறை அங்கேதான். வானூர்ப் பக்கத்துச் செம்மண் லாரி லாரியாக மனைகளை மேடாக்கப் போகிறது. முந்திரி நின்ற இடத்தில் பள்ளம் நிற்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அள்ளுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். விளைநிலத்துச் செம்மண்ணை மனைக்கு அடிப்பதை அரசு அடியோடு தடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அஸ்திவாரக் குழியை நிரப்ப, இடித்த கட்டடத்தின் கூளத்தை உடைத்துச் சலித்துப் போடலாமே.

உங்களில் சிலர் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். மேஸ்திரியிடம் லோடு என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊர் மண், யார் நிலத்தில் வெட்டியது என்றும் கேளுங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள்.