நான் செய்ததெல்லாம் வீணா?



அக்டோபர் 31 நெருங்குகிறது. லுத்தரன் சபைகளில் அன்று சீர்திருத்தத் திருநாள். பொருத்தமாக, தென் அந்தமானின் சௌல்தாரியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

அவருடைய தம்பி வருடக்கணக்கில் குடித்தவர். வீட்டுக்குக் காசு தந்ததில்லை. கோயில் வாசலை மிதித்ததும் இல்லை. கல்லீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது இந்த அக்காதான். கஞ்சியை மிக்ஸியில் அடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஸ்பூனால் ஊட்டியிருக்கிறார். முதுகில் புண் வராமல் இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார். கடைசி நாட்களில் தம்பி மனம் உடைந்து அழுதார். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டார். போதகரை வரச் சொல்லித் திருவிருந்து வாங்கினார். பிறகு போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர், இவர் விசுவாசத்தால் இரட்சிக்கப்பட்டவர் என்று சொல்லி எல்லோரையும் தேற்றினார். அக்காவுக்கு அதில்தான் ஏதோ தைத்துவிட்டது. "அவன் ஆண்டவரிடம் போனது எனக்குச் சந்தோஷம்தான் ஐயா. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன், மாமியாரைக் கடைசி வரை பார்த்தேன், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே இடமா? நான் செய்ததெல்லாம் வீணா?"

இந்தக் கேள்வி எழாத கிறிஸ்தவக் குடும்பம் உண்டா? வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். கேட்ட சகோதரிக்கு முதலில் என் நன்றி.

பவுல் ரோமருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில் சொல்வது இதுதான்: மனிதன் தன் நற்கிரியைகளைக் காட்டிக் கடவுளிடம் இரட்சிப்பை வாங்க முடியாது. அது கிருபை, அதாவது இனாம். கையை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் விசுவாசம். படிக்கச் சுலபம். ஆனால் நம் மனது இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. உழைத்தால் கூலி, தப்பு செய்தால் தண்டனை என்றுதானே வளர்ந்திருக்கிறோம்?

அதிலும் அந்தமான் மண்ணில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஏன் என்று சொல்கிறேன். 1858 மார்ச்சில் முதல் கைதிகள் இங்கே வந்து இறங்கினார்கள். பிற்பாடு, செல்லுலார் ஜெயில் கட்டிய காலத்தில், ஆயுள் கைதி ஒருவரின் வாழ்க்கை எப்படி ஓடியது தெரியுமா? முதல் ஆறு மாதம் தனிக் கொட்டடி. அடுத்த பதினெட்டு மாதம் மற்றவர்களோடு சேர்ந்து சிறைக்குள் கடும் வேலை. பிறகு மூன்று வருடம் பகலில் வெளியே வேலை, இரவில் பாரக்கில் பூட்டு. அதற்கு மேல் ஐந்து வருடம் கொஞ்சம் இலகுவான வேலை, கையில் சிறு காசு. இப்படிப் பத்து வருடம் நன்னடத்தையோடு முடித்தால்தான் 'டிக்கெட்' கிடைக்கும். அதன் பிறகு கிராமத்தில் நிலம் உழலாம், மாடு வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். தென் அந்தமானின் பழைய கிராமங்கள் பலவும் அப்படி டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கட்டியவை. நடுவில் ஒரு தப்பு நடந்தால் மறுபடி கீழ்ப்படிக்குப் போக வேண்டியதுதான்.

நம்மில் பலர் கடவுளை அந்தக் காலத்து ஜெயில் சூப்பரிண்டெண்டென்ட் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கையில் ஒரு நன்னடத்தை ரிஜிஸ்டர். நாம் படிப்படியாக ஏற வேண்டும். பத்து வருடம் போதுமா, இருபது வேண்டுமா, யாருக்கும் தெரியாது.

இப்போது லூக்கா எழுதியிருக்கும் அந்தச் சிலுவைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இயேசுவோடு அறையப்பட்ட குற்றவாளி. அவனும் தண்டனைக் கைதிதான். கையும் காலும் ஆணியில். இனி யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட அவனால் முடியாது. நன்னடத்தை காட்ட அவனுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்டான், அவ்வளவுதான். அன்றைக்கே பரதீசு என்று பதில் வந்தது. எந்த ரிஜிஸ்டரில் அவன் பேரை எழுதுவது?

மார்ட்டின் லுத்தரின் கதையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவர் மோசமானவர் அல்ல, நம் சகோதரியைப் போல ரொம்ப நல்லவர். எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம். சொல்லி முடித்து வெளியே வந்தால் இன்னொரு பாவம் நினைவுக்கு வரும். திரும்ப ஓடுவார். இவ்வளவு செய்தும் போதுமா என்ற பயம் மட்டும் போகவே இல்லை. விட்டன்பர்க்கில் ரோமர் நிருபத்தை மாணவர்களுக்கு நடத்தப் போன பிறகுதான், கடவுள் கேட்கும் நீதியை அவரே தருகிறார் என்று அவருக்குப் பிடிபட்டது. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 கருத்துகளை எழுதினார். ஏழைக் குடியானவர்கள் செத்துப்போன அப்பா அம்மாவுக்காகக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய காலம் அது.

அந்தச் சீட்டு வியாபாரம் இப்போது இல்லை என்று நினைக்கிறீர்களா? டிவியைப் போடுங்கள். இவ்வளவு காணிக்கை விதைத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் அறுக்கலாம் என்று கணக்குச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! பிள்ளையின் பரீட்சைக்கும் கணவனின் வியாதிக்கும் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பும் தாய்மாரை நான் அறிவேன். வியாதி தீராவிட்டால், உனக்கு விசுவாசம் போதாது என்று பழியும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. இது எனக்குக் கோபம் தரும் விஷயம். இனாமாகக் கிடைப்பதற்கு விலை வைத்து விற்பதில் என்ன நியாயம்? விசுவாசத்தையே அளந்து பார்க்கிற இன்னொரு கிரியையாக மாற்றிவிட்டால் பவுல் எழுதியதற்கு என்ன அர்த்தம்?

இதே கணக்கு தலைகீழாக வரும்போது இன்னும் கொடுமை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிக்கோபாரில் சுனாமியாகக் கடல் ஏறி வந்து வாரிக்கொண்டு போனது பெரும்பாலும் கிறிஸ்தவ மக்களைத்தான். இந்தப் பக்கம் தென் அந்தமானின் சிப்பிகாட்டில் வயல்கள் உப்புத் தண்ணீரில் மூழ்கின. அப்போதும், என்ன பாவம் செய்தார்களோ என்று பேசியவர்கள் இருந்தார்கள். பிணத்தைத் தேடி அலைந்த குடும்பத்தின் காதில் விழுகிற பேச்சா அது? நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்ற கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் கடைசியில் அந்தப் பேச்சில்தான் வந்து நிற்போம்.

நிக்கோபார் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி லுத்தரின் போதனையைத் தமிழில் சொன்னார். பிறகு அதே ஊரில் வந்து தங்கிய மொரேவியன் சபை மிஷனரிகள் 1768இல் நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஏறக்குறைய இருபது வருடம். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி யாரும் சபையில் சேரவில்லை. 1780களின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பலனை வைத்து மார்க் போட்டால் பூஜ்யம்தான். அவர்கள் மார்க்குக்காக வரவில்லையே! நூறு வருடம் கழித்து, 1890களில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் வைத்தார். அதில் படித்த நிக்கோபாரிப் பையன்தான் பின்னாளில் பிஷப் ஆன ஜான் ரிச்சர்ட்சன். 

இந்து வாசகர்களுக்கும் இந்த விவாதம் புதிதல்ல. வைணவத்தின் வடகலை, தென்கலை வேறுபாட்டில் ஒன்று இதுதானே? குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக் குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். சரணாகதி பற்றி நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசியதை அறிந்தவர்களுக்கு, கிருபை என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்.

சரி, அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழ்ந்துவிட்டுக் கடைசியில் ஒரு ஜெபம் செய்தால் போதுமா? சகோதரியின் மனதில் இருக்கும் அடுத்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். போதாது என்றுதான் யாக்கோபு தன் நிருபத்தில் கடுமையாகச் சொல்கிறார். கிரியை இல்லாத விசுவாசத்தை அவர் செத்ததாகவே கருதுகிறார். லுத்தரன் போதகரான போன்ஹோஃபரும் 1937இல் எழுதிய புத்தகத்தில், மனம் மாறாமல் மன்னிப்பை மட்டும் எதிர்பார்ப்பதை மலிவான கிருபை என்று கண்டித்தார். ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கு மேடை ஏறினார். கடைசி நேரம் எப்போது என்று யாருக்குத் தெரியும்? தம்பிக்கு இரண்டு மாதம் கிடைத்தது. ரோட்டு விபத்தில் போகிறவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. தம்பி வீணாக்கிய வருடங்கள் வீணானவைதான். அவர் மனைவி பட்ட அடியை எந்தக் கிருபையும் பட்டதில்லை என்று ஆக்கிவிடாது. அதை மூடி மறைத்துப் பேசும் பிரசங்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒரு காலத்தில் கிருபையா கிரியையா என்ற இந்த விஷயத்துக்காகக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒருவரையொருவர் சபித்தார்கள். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்மை ஏற்றுக்கொள்வது கடவுளின் கிருபை, நற்கிரியைகள் அதிலிருந்து வரும் பலன் என்பதே அதன் சாரம். எல்லா வேறுபாடும் தீரவில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் மருமகள் கத்தோலிக்கராகவும் மாமியார் லுத்தரனாகவும் இருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமா? ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரு சபைகளிலும் இருக்கும் இந்தத் தீவில் இது நமக்கு நெருக்கமான செய்தி.

சகோதரி, உங்களிடம் நேராகவே பேசுகிறேன். ஊதாரிப் பிள்ளையின் கதை உங்களுக்குத் தெரியும், நீங்களே ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தரம் சொல்லியிருப்பீர்கள். அதில் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்த மகனையும் அப்பா தேடி வருகிறார், கவனித்திருக்கிறீர்களா? தன்னிடம் இருப்பதெல்லாம் அவனுடையதுதான் என்று சொல்கிறார். அவன் இத்தனை வருடமும் அந்த வீட்டில் மகனாக இருந்துகொண்டு, வேலைக்காரன் மாதிரிக் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

நீங்கள் தம்பிக்குக் கஞ்சி ஊட்டியபோது பரலோகத்தை நினைத்தா ஊட்டினீர்கள்? தம்பி பசியோடு இருக்கிறானே என்றுதானே? அதற்கு டிக்கெட் எதற்கு? உங்கள் இடம் முன்னமே உங்களுடையது. நீங்கள் செய்ததில் எதுவும் வீண் இல்லை. இனி நீங்கள் செய்யப்போவதையும், போதுமா போதாதா என்ற பயமில்லாமல் செய்யலாம்.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். தம்பி பேரில் சபைக்கு ஒரு விருந்து வைத்தால் அவருக்குப் போய்ச் சேருமா என்று. நீங்கள் நம்பும் விசுவாசத்தின்படி அவருக்கு இனி எதுவும் குறையில்லை. அந்தப் பணத்தை அவர் மனைவி கையில் கொடுங்கள். பிள்ளைகளின் அடுத்த டேர்ம் ஃபீஸுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்