பெட்டி கட்டும் முன் பட்டியல் போடுங்கள்!

சிவகாசியிலிருந்து வரும் கிஃப்ட் பாக்ஸைப் பிரித்ததும், பிள்ளைகளின் கண் பட்டியலுக்குத்தான் போகும். கம்பி மத்தாப்பு இத்தனை, தரைச்சக்கரம் இத்தனை, புஸ்வாணம் இத்தனை... ஒன்று குறைந்தாலும் வீடு ரெண்டாகிவிடும். கம்ப்யூட்டர் புரோகிராமை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதிலும் இதே கதைதான்.

விருதுநகர் மாவட்டத்தில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் ஒரு மாணவி, தமிழ் எழுத்துகளை எண்ணும் புராஜெக்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானிடம் ‘சிவகாசி’யில் எத்தனை எழுத்து என்று நேரடியாகக் கேட்டால் 7 என்று சொல்லும். கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். நம் கணக்கில் அது 4 எழுத்துதான். அதைச் சரியாக எண்ணித் தருவது ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவசத் தொகுப்பு. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்தது அது.

புராஜெக்டுக்கென்று தனி அறை ஒதுக்குவதுபோல, பைத்தானில் ‘வெர்ச்சுவல் என்விரான்மென்ட்’ உண்டு. 2012-இல் வந்த பைத்தான் 3.3-இலிருந்து ‘வென்வ்’ என்ற பெயரில் இந்த வசதி கூடவே வருகிறது. மாணவி அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு, இணையம் இல்லாத லேபுக்குப் போகிறார். ‘இந்த இடத்தில் பைத்தான் இல்லை’ என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கிறது. வைவாவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான்!

காரணம் எளிது. அந்த ஃபோல்டருக்குள் முழு பைத்தான் கிடையாது. வீட்டு லேப்டாப்பில் பைத்தான் இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கும். வீடு மாறினால் பழைய முகவரி செல்லுமா?

இப்படிக் கட்டினால் பெட்டி சிந்தாமல் போய்ச் சேரும்:

1. ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை கொடுத்து, எந்தெந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்ற பட்டியலை ஒரு ஃபைலில் எடுங்கள். கல்யாணத்துச் சீர்வரிசைப் பட்டியல் மாதிரி.

2. ‘பிப் டவுன்லோட்’ மூலம் பட்டியலில் உள்ள அத்தனை தொகுப்புகளையும் ஒரே ஃபோல்டரில் இறக்குங்கள். ஒன்று கேட்கும் துணைத் தொகுப்புகளும் சேர்ந்தே இறங்கும்.

3. பென் டிரைவில் அந்த ஃபோல்டர், பட்டியல், உங்கள் புரோகிராம், பைத்தான் இன்ஸ்டாலர் நான்கையும் வையுங்கள்.

4. போன இடத்தில் புது ‘வென்வ்’ உருவாக்குங்கள். ‘பிப் இன்ஸ்டால்’ கொடுக்கும்போது ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ என்ற இரண்டையும் சேர்த்தால், இணையத்தைத் தேடாமல் உங்கள் ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: நம்பை போன்ற சில தொகுப்புகள் விண்டோஸுக்கு வேறு, லினக்ஸுக்கு வேறு, பைத்தான் பதிப்பு மாறினாலும் ஒத்துப்போகாது. எனவே, லேபில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அதே வகைக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள்.

பைத்தானே தெரியாத ஒரு கடைக்காரருக்கு, உதாரணமாக பில் போடும் புரோகிராம் கொடுக்கப்போகிறீர்களா? ‘பைஇன்ஸ்டாலர்’ எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும். அவர் டபுள் கிளிக் செய்தால் போதும். விண்டோஸில் கட்டியது விண்டோஸில் மட்டுமே ஓடும்.

இணையம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரித் தொகுப்பை அதை எழுதியவரே நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்களைப் புதிதாகக் கட்ட முடியாமல் போனது. கையில் ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை.

கடைசியாக, கிளம்புவதற்கு முந்தைய நாளே வைஃபையை அணைத்துவிட்டு, தோழியின் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால், லேபிலும் தைரியமாக உட்காரலாம்.