ஐ7 என்றால் கேமிங் ஆகிவிடாது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்தால் இந்தக் காட்சி கண்ணில் படாமல் போகாது. பிளஸ் டூ முடித்த பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அப்பா வருவார். கையில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ இருக்கும். சீட்டு எடுத்த பணமாக இருக்கும், இல்லையென்றால் வளையலை அடகு வைத்த பணமாக இருக்கும். கடைக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, இது ஐ7 தானே?"

"ஐ7 தான் சார். பதினாறு ஜிபி ராம், நாலு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் போட்டிருக்கு. எந்த கேமா இருந்தாலும் ஓடும்."

கேபினட்டின் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன்கள் நிறம் மாறி மாறிச் சுழல்கின்றன. பையனின் பார்வை அங்கேயே நிற்கிறது. கால் மணி நேரத்தில் பேரம் முடிந்து, பெட்டி ஆட்டோவில் ஏறிவிடுகிறது.

கடைக்காரர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே இருப்பது ஐ7 தான், ராம் பதினாறு ஜிபி தான், கார்டில் நாலு ஜிபி மெமரியும் இருக்கிறது. ஆனாலும் பையன் ஆசைப்பட்ட கேமை இறக்கித் திறந்தால் படம் துண்டு துண்டாக நகர்கிறது, இல்லையென்றால் திறக்கவே மறுக்கிறது. பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடிகிறது என்றால், அதற்கு இடம் கொடுப்பது வாங்குபவர் மனத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு நம்பிக்கைதான். ‘ஐ3 சின்னது, ஐ5 நடுத்தரம், ஐ7 பெரியது, ஐ7 இருந்தால் கேமிங்குக்குப் போதும்’ என்ற அந்த நம்பிக்கை தவறானது. குறைந்த பணத்தில் ரெடிமேட் கேமிங் பிசி தேடும் குடும்பங்களுக்கு இதைப்போல நஷ்டம் வைக்கும் எண்ணம் வேறு இல்லை.

ஐ7 என்பது ஒரு பிராசசர் சில்லின் பெயரே அல்ல. இன்டெல் நிறுவனம் 2008 முதல் ஆண்டுக்கு ஆண்டு ஒட்டிவந்த ஒரு வரிசையின் பெயர் அது. அந்தப் பெயரில் 2011-இல் வந்த சில்லும் உண்டு, 2022-இல் வந்த சில்லும் உண்டு. எது எந்தக் காலத்தது என்பதைக் காட்டுவது பெயருக்குப் பின்னால் வரும் எண். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ7-12700 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விளம்பரத்தில் ‘ஐ7’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்றால், விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. ‘2015 மாடலா, 2023 மாடலா’ என்று கேட்காமல் யாரும் பழைய கார் வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் என்று வரும்போது அந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை.

இரண்டு சில்லுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐ7-2600, 2011 ஜனவரியில் வந்தது: நான்கு கோர், எட்டு த்ரெட், உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். ஐ3-12100எஃப், 2022 ஜனவரியில் வந்தது: அதே நான்கு கோர், அதே எட்டு த்ரெட், உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். காகிதத்தில் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் சில்லின் உள்ளமைப்பே மாறிவிட்டது. ஒரே துடிப்பில் செய்து முடிக்கும் வேலையின் அளவு கூடியதால், ஒரு கோரை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இந்தப் புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்கிறது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கிறது. ‘சின்னது’ என்று ஒதுக்கப்படும் ஐ3 தான் இங்கே பெரியது.

பழைய ஐ7 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அலுவலகங்களில் இருந்து. சில ஆண்டுகள் ஓடிய கம்ப்யூட்டர்களை நிறுவனங்கள் மொத்தமாகக் கழிக்கும்போது அந்தச் சில்லுகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றைப் பொருத்துவதற்கென்றே எச்61 வகை மதர்போர்டுகளைச் சிறு பிராண்டுகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. அந்த எச்61 சிப்செட்டும் 2011-ஐச் சேர்ந்தது. புது போர்டு, புது கேபினட், புது எஸ்எஸ்டி என்று சுற்றிலும் புதிதாக இருப்பதால், நடுவில் இருக்கும் சில்லும் புதிது என்றே வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார்.

இந்தச் செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு குப்பை என்று சொல்வதும் நியாயம் ஆகாது. டேலி போட, கடைக் கணக்கு எழுத, ஆன்லைன் வகுப்பு பார்க்க அது தாராளமாகப் போதும். பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியமும்கூட. குற்றம் அதன் மேல் ‘கேமிங் பிசி’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதில் இருக்கிறது.

கேமில் உண்மையான பாரம் எங்கே விழுகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் 1920-க்கு 1080 என்ற அளவில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. படம் வழுக்கிக்கொண்டு நகர வேண்டுமானால் நொடிக்கு அறுபது முறை அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும். பெருக்கினால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். நிழல் எங்கே விழும், தண்ணீரில் என்ன தெரியும், புகைக்குப் பின்னால் எது மங்கும் என்பதெல்லாம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. இந்த வேலையைச் செய்வது பிராசசர் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது என்பதைப் பிராசசர் பார்த்துக்கொள்கிறது. பார்த்ததைப் படமாக வரைவது கார்டு.

அந்த ‘நாலு ஜிபி கார்டு’ எப்படிப்பட்டது என்று கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். பல செட்களில் உள்ளே இருப்பது ஜிடி 730. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பலகை, அதன் மேல் ஓர் அலுமினியக் கட்டி, சில சமயம் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி ஃபேன். இந்தக் கார்டு 2014-இல் வந்தது. அப்போதே வீடியோ பார்க்கவும் இரண்டு மானிட்டர் இணைக்கவும் வாங்கப்பட்ட ஆரம்ப நிலைக் கார்டு. இதற்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. நாலு ஜிபி மெமரி இருப்பது உண்மைதான். ஆனால் அது டிடிஆர்3 மெமரி. அதன் 64 பிட் வடிவத்தில் நொடிக்கு 14.4 ஜிபி தரவுதான் போய் வர முடியும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இலும் அதே நாலு ஜிபிதான். அதில் நொடிக்கு 128 ஜிபி போய் வருகிறது. ஊருக்கே போதுமான தொட்டியைக் கட்டிவிட்டு அரை இன்ச் குழாய் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் முதல் கார்டின் நிலை.

ஆக, ‘எத்தனை ஜிபி கார்டு?’ என்ற கேள்வியும் ‘ஐ7 தானே?’ என்ற கேள்வியின் உடன்பிறப்புதான். கார்டின் பெயர் முழுவதையும் கேட்டாலும்கூடச் சில நேரம் போதாது. ஜிடி 1030 முதலில் 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது, நொடிக்கு 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயர் ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே கதை நடந்தது. 2022-இல் வந்த 8 ஜிபி வடிவத்தில் 2560 கோர்கள். 2024-இல் வந்த 6 ஜிபி வடிவத்தில் 2304 கோர்கள், மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்தது. இது தெருக்கடை வேலை அல்ல, உலகப் பெருநிறுவனம் செய்த பெயர்க் குழப்பம். இத்தனை பெரிய நிறுவனம் இதைச் செய்வது அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

‘எங்க பையன் பெரிய கேமெல்லாம் விளையாட மாட்டான், வாலரண்ட் மட்டும்தான், கவுண்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான், அதுக்குப் பிராசசர்தானே முக்கியம்?’ என்று விவரம் தெரிந்தவர்கள் மறித்துக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இவ்வகை கேம்களில் பிராசசருக்குப் பங்கு அதிகம் என்பது உண்மையே. ஆனால் அங்கே பலன் தருவது ஒவ்வொரு கோரின் வேகம், அதில்தான் பழைய ஐ7 புதிய ஐ3-இடம் தோற்கிறது. இன்னொரு கதவும் அடைபட்டிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் இயங்கியாக வேண்டும் என்று அந்த கேமின் நிறுவனமே நிபந்தனை வைத்திருக்கிறது. குறுக்கு வழியில் பழைய செட்டில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. செட் ஓடும், அந்த கேம் ஓடாது.

பெரிய கேம் என்றால் கேட்கவே வேண்டாம். சைபர்பங்க் 2077-க்கு இப்போது அதன் நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 6 ஜிபி வடிவம், 12 ஜிபி ராம், கட்டாயமாக எஸ்எஸ்டி. பிராசசர் வரிசையில் ஓர் ஐ7 எழுதியிருக்கிறது, ஆனால் அது 2015-இல் வந்த ஐ7-6700.

பழைய சில்லை விட்டுவிட்டுப் புதிய ஐ7-ஐயே வாங்கினாலும் இந்த நம்பிக்கை விடாமல் துரத்துகிறது. அறுபதாயிரம் ரூபாய் வைத்திருப்பவர் ‘ஐ7 வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தால், பணத்தில் பெரும்பகுதி பிராசசருக்கும் அதற்கு ஈடான போர்டுக்கும் போய்விடும். மிச்சத்தில் கிடைப்பது ஒப்புக்கு ஒரு கார்டு. அதே தொகையில் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 போட்டு, மிச்சமாகும் பணத்தை ஒரு நல்ல கார்டில் இறக்கினால் கேம் ஓடும் விதமே வேறு. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். நடுத்தர விலைக் கார்டுகளுக்கு ஈடுகொடுக்க இது போதும். கார்டு வாங்கவே பணம் போதாது என்றால் ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் சில்லோடு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கார்டு போடலாம். ஐ7-2600 பொருந்தும் போர்டில் பின்னால் கார்டு போட்டாலும் சில்லை உயர்த்த வழி இல்லை. அதற்கு மேல் ஏற்றுவதற்கு மூன்றாம் தலைமுறையைத் தாண்டி எதுவும் கிடையாது.

உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் சில்லுக்கு ராம் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். 16 ஜிபி-யை ஒரே குச்சியாகப் போட்டால் டிடிஆர்4-3200 ராமில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு எட்டாகப் பிரித்துப் போட்டால் 51.2 ஜிபி. மொத்த ராம் ஒன்றுதான், பாதை இரட்டிப்பாகிறது. ரெடிமேட் செட்களில் பெரும்பாலும் ஒற்றைக் குச்சிதான் இருக்கும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியையும் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். மேலே 450 வாட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கீழே அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் அது தரக்கூடியது 168 வாட்ஸ் மட்டுமே. பின்னால் நல்ல கார்டு வாங்கி மாட்டும் நாளில் விளையாட்டின் நடுவே செட் தானாக அணைவதற்கு இது ஒரு காரணம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பு கடையிலேயே செட்டை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசசரின் முழுப் பெயர் எண்ணோடு இருக்கும், ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று இருக்கும், கார்டின் பெயரும் இருக்கும். கார்டில் மட்டும் இன்னொரு சோதனை வேண்டும். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்கும் போலிகள் சந்தையில் புழங்கியிருக்கின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதலே இந்த வகைப் போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டுகிறது. பென் டிரைவில் அதைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடப்பதே நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குப் பஞ்சமில்லை. நேர்மையாக எண்ணைச் சொல்லி விற்கும் கடைகளும் அங்கே நிறைய இருக்கின்றன. அவர்களுடைய விலை இரண்டாயிரம் மூன்றாயிரம் கூடத் தெரிவதால்தான் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போகிறது.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பிராசசர், போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லில் எழுதியது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ‘ஐ7 கேமிங் பிசி – 1’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, உள்ளே ஐ7-2600 இருக்கிறதே என்று போய்க் கேட்டால் பதில் கிடைக்காது. பில்லில் எழுதியதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.