கடினம் வேறு, நேரம் வேறு

இணையவழியில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றிய விவாதம் எங்கு தொடங்கினாலும் இரண்டு சொற்களில் வந்து முட்டிக்கொள்கிறது: தீவிர ஆட்டக்காரர், பொழுதுபோக்கு ஆட்டக்காரர். முன்னவரைத் திருப்திப்படுத்தினால் பின்னவர் விலகுவார். பின்னவருக்கு வழிவிட்டால் முன்னவர் சீறுவார். ஆகவே வடிவமைப்பாளரின் பணி தராசைச் சமன்செய்வதே என்கின்றனர். சந்தைப்படுத்துவோர் வகுத்த இந்த வாடிக்கையாளர் பிரிவைக் கல்விப்புலமும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, ஆய்வுக் கருவியாகவே கையாளுகிறது. ஆனால் அந்தத் தராசே பழுதானது. கடினம், நேரம் என்னும் இருவேறு பொருள்களை அது ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் வரலாறு இதற்குச் சான்று. 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட அவ்விளையாட்டின் உச்சம், 40 பேர் கூடித் தாக்கும் ‘ரெய்டு’. மோல்ட்டன் கோர் என்னும் ரெய்டின் இறுதி எதிரியான ராக்னரோஸ் முதன்முறை வீழ ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. 2019 ஆகஸ்டில் அதே விளையாட்டு ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்பி வந்தபோது, ஒரு வாரத்துக்குள் ராக்னரோஸ் வீழ்ந்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் திரண்ட அறிவும், பிற்காலத்தில் திருத்தப்பட்ட பாத்திரத் திறன்களும் இதற்கு உதவின என்பது மெய். ஆயினும் அந்த ரெய்டு தனியொருவரின் கைத்திறனிடம் கேட்டது குறைவு. 40 பேரை வாரந்தோறும் குறித்த மாலையில், பல மணி நேரம், ஒருங்கே அமர்த்துவதே உண்மையான தடை. ‘தீவிர’ என்ற பட்டம், மாலைப்பொழுதைத் தமக்கென வைத்திருந்தவர்களுக்கே எளிதில் கிட்டியது.

நிறுவனம் கண்ட தீர்வு என்ன? 2011 நவம்பரில் வந்த ‘ரெய்டு ஃபைண்டர்’, முன்பின் அறியாத 25 பேரைத் தானாகவே சேர்த்து, கடினம் குறைக்கப்பட்ட ரெய்டுக்குள் அனுப்பியது. நேரமில்லாதவர் கேட்டது குறுகிய ஆட்டம். அவருக்குக் கிடைத்தது நீர்த்த ஆட்டம். பெயர் கேளாமல் சேர்ந்தோர் பெயர் அறியாமலே பிரிந்தனர். 2010இல் 1.2 கோடி சந்தாதாரர்களை எட்டிய விளையாட்டின் பின்னைய சரிவை இம்மாற்றத்தின் தலையில் கட்டுவது நேர்மையன்று. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் நோய் அறியாது தந்த மருந்து இது என்பதில் ஐயமில்லை.

மாற்றுவழி அதே விளையாட்டில் பிறந்ததுதான் வியப்பு. 2016இல் வெளிவந்த ‘லீஜியன்’ தொகுப்பின் ‘மித்திக் கீஸ்டோன்’ முறைக்கு ஐந்து பேரும் ஏறத்தாழ அரைமணி நேரமும் போதும். குறித்த நேரத்துக்குள் வென்றால் அடுத்த படி மேலும் கடினமாகும். குறுகிய நேரமும் கடும் சவாலும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதை இது மெய்ப்பித்தது. எனினும் அதே லீஜியனில், ஆயுதத்தை வலுப்படுத்தும் ஆற்றலை ஓயாமல் சேர்க்க வைத்த ஏற்பாடு, முன்வாசல் வழியே வெளியேறிய நேரச்சுமையைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்தது. மாதச் சந்தாவில் வாழும் நிறுவனத்துக்கு ஆட்டக்காரரின் நேரமே வருமானம். அதை அது எளிதில் விட்டுக்கொடுக்காது.

எளிய விளையாட்டுகளை ஆடுவோரும் சவாலை நாடுகின்றனர், நெடுநேரம் செலவிடுகின்றனர் என்று ஜெஸ்பர் யூல் தம் ‘எ கேஷுவல் ரெவல்யூஷன்’ நூலில் முன்பே சுட்டிக்காட்டியுள்ளார். ஆட்டக்காரரின் வாழ்க்கைக்கு விளையாட்டு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதே அவர் எழுப்பிய வினா. அதை மறந்து, இரவுப்பணி முடித்து வரும் செவிலியரையும், பகுதிநேர வேலை பார்க்கும் மாணவரையும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாயையும் ‘பொழுதுபோக்கு ஆட்டக்காரர்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது, அவர்களுக்கு நேரமில்லாமையைத் திறமையில்லாமை என்று எழுதிவைப்பதாகும். ஓய்வு நேரம் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை அறிந்த ஆய்வுலகம், விளையாட்டு என்று வந்ததும் அதை மறந்துவிடுவது ஏன்?

யாருக்காக எளிமையாக்குவது என்று கேட்பதை இனி நிறுத்தலாம். எந்தச் சவால் ஆட்டக்காரரின் திறனைக் கேட்கிறது, எது அவருடைய மாலைப்பொழுதை மட்டும் கேட்கிறது? இந்த வினாவுக்கு விடை காணாதவரை, ‘சமநிலை’ என்பது நிறுவனங்களின் விளம்பரச் சொல்லாகவே எஞ்சும்.