மறைந்துறையும் நீரிழிவு

சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால் நீரிழிவென்று கொள்வது நம் நாட்டார் நெடுநாள் வழக்கு. தீர்த்தமலையைச் சூழ்ந்த எம் சிற்றூர்களிலே முதியோர் சிலர் இன்றும் இதனையே சான்றாகக் கொள்கின்றனர். எறும்பு பொய்கூறுவதன்று, பிந்திக் கூறுவது. குருதியில் நூறு மில்லிலிட்டருக்குச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பெரும்பாலும் சிறுநீரில் இறங்கும். வெறுவயிற்றில் 126-ஐ எட்டினாலே நோயென்பர் மருத்துவர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே ஒருவர் பல்லாண்டு நலமாயிருப்பதாகவே எண்ணி உழைத்திருத்தல் கூடும். எம் ஊரில் கால்விரலை இழந்த பின்னரே தமக்கு இந்நோயுண்டென அறிந்தார் ஒருவர். ஏர் பின் நடந்த கால் அது.

'எறும்பு வரவில்லையே, கண்ணு, எனக்கேது சர்க்கரை?' என்றார் எம் பாட்டியார். விடியலில் வெறுவயிற்றில் குளுக்கோமீட்டர் காட்டியது 108. அம்மட்டோடு விட்டிருப்போமாயின் ஏமாந்திருப்போம். களியுண்டு இரண்டு மணி கழித்துப் பார்த்தபோது 300-ஐக் கடந்தது! மாம்பழம் அரிந்த விரல் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. சோப்பிட்டுக் கழுவித் துடைத்துக் குத்தியபோது 232. அப்பொழுது 140-க்குக் குறைந்திருத்தலே இயல்பு. ஆகவே காலைச் சோதனை ஒன்றையே நம்புதல் தகாது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவுடையார் 10.1 கோடி என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி என்றும் கணித்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தது. சாலச் சிறந்த செயலே. ஆயினும் கூலிக்குச் செல்வார் பகலில் வீட்டிலிரார். அவர் இரவு உண்டபின் உடனிருப்பவர் மகனோ மகளோ அன்றோ? அவரே பார்த்தல் வேண்டுமென்பது எம் கருத்து.

நோயென்று முடிவு கட்டுதல் அக்கருவியின் பணியன்று. 15 விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டுதல் அதற்கு உண்டு. ஐயம் எழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலே சிரைக் குருதியைச் சோதித்து உறுதி செய்தல் வேண்டும். பாட்டியாரை அவ்வாறே அழைத்துச் சென்றோம்.

தீர்த்தமாடினால் பிணி நீங்குமென்று மலையேறுவாரை நகைத்தல் எம் நோக்கமன்று. அந்நடை இந்நோய்க்கு நன்றேயாம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒரு கருவியை உடன்கொண்டு சென்று, பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியார்க்கும் உண்டபின் ஒருமுறையேனும் பார்ப்பாராக. ஆளுக்கொரு புதிய ஊசி கொள்ளுதல் இன்றியமையாதது.