பனியன் விலையில் கூலி எவ்வளவு?

திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும். "வங்கதேசத்தில் இதைவிடக் குறைந்த கூலிக்குத் தைக்கிறார்கள். இங்கே கூட்டினால் ஆர்டர் அங்கே போய்விடும்." அந்த வங்கதேசத்தில் கூலி கேட்டால்? அங்கேயும் போட்டி நாடுகளைக் காட்டித்தான் மறுக்கிறார்கள்!

இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது? வங்கதேசத்துக் கணக்கையே எடுத்துப் பாருங்கள்.

அங்கே 2023 இறுதியில் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாகா. தொழிலாளர்கள் கேட்டது 23,000. தெருவில் இறங்கிப் போராடினார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். ஆனாலும் 12,500தான் கிடைத்தது.

வாரம் 48 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 208 மணி நேரம். வகுத்தால் ஒரு மணிக்கு 60 டாகா. அன்றைய மதிப்பில் சுமார் 55 அமெரிக்க சென்ட். அதாவது ஒரு நிமிட உழைப்புக்கு 1 டாகா.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் இரட்டிப்பாவது மொத்தச் சம்பளம் அல்ல, அடிப்படைச் சம்பளம் மட்டும். 12,500இல் அடிப்படை 6,700. மீதியெல்லாம் வீட்டு வாடகை, மருத்துவம், போக்குவரத்து, சாப்பாடு என்று படிகள். 6,700ஐ 208ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 64 டாகா வருகிறது. சாதாரண மணிக்கு 60, ஓவர்டைம் மணிக்கு 64. இதற்குப் பெயர் இரட்டைச் சம்பளம்!

இனி பனியனுக்கு வருவோம். ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டைத் தைக்க 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் அறுவது, அடுத்த துணிக்குக் காத்திருப்பது, பிரித்துத் தைப்பது என்று பாதி நேரம் வீணானாலும் 16 நிமிடம், 16 டாகா. கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 16 போடுங்கள். மொத்தம் 32 டாகா, 30 சென்ட்டுக்கும் குறைவு. அந்த டி-ஷர்ட் ஐரோப்பாவில் மிக மலிவாக 5 யூரோவுக்கு விற்றாலும், தொழிற்சாலைக் கூலி அதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். தொழிலாளர்கள் கேட்ட 23,000ஐ அப்படியே கொடுத்திருந்தாலும் ஒரு பனியனுக்குக் கூடுவது 27 டாகா, அதாவது 25 சென்ட்.

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் அந்த 27 டாகா 27 லட்சமாகிவிடும். விலையை ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். வாங்கும் நிறுவனம் கூட்டித் தராவிட்டால் அவர் கையைக் கடிக்கும். அவர் மட்டும் விலையை ஏற்றினால் ஆர்டர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும். இது உண்மைதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூலி கூடினால் தொழிலே அழிந்துவிடுமா? 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. வராவிட்டால் சம்பளம் போகும் என்ற பயத்தில்தான் பலர் உள்ளே போனார்கள். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 3,000 டாகா. அந்த ஆண்டு முடிவதற்குள் அது 5,300 ஆனது. தொழில் அழியவில்லை. 2012-13இல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி 2018-19இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது.

கூலி மட்டுமே ஆர்டரைத் தீர்மானிப்பதில்லை. வங்கதேசத்தைவிடச் சீனாவிலும் வியட்நாமிலும் கூலி அதிகம். ஆனாலும் அவை ஆடை ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்கின்றன. வங்கதேசத்தின் வளர்ச்சிக்கும் குறைந்த கூலியோடு, 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் தந்த வரிவிலக்கு ஒரு பெரிய காரணம். துணி கிடைக்கும் வேகம், மின்சாரம், துறைமுகம், வரி எல்லாமே விலையில் சேர்கின்றன. இவற்றில் கை வைப்பது கடினம். தையல்காரரின் கூலியில் கை வைப்பது சுலபம். அதனால்தான் எப்போதும் அதிலேயே கை வைக்கிறார்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்டர் போடும்போதே கூலியைத் தனி வரியாக எழுத வேண்டும்: இந்த பீஸுக்கு இத்தனை நிமிடம், நிமிடத்துக்கு இவ்வளவு. துணி, நூல், பட்டன், லாபம் எதில் வேண்டுமானாலும் பேரம் பேசட்டும். அந்த ஒரு வரியில் பேரம் கூடாது. வங்கதேசத்துக்கும் திருப்பூருக்கும் இதே விதி என்றால், ஒருவரைக் காட்டி இன்னொருவரை மிரட்ட முடியாது.

கடையில் 5 யூரோ கொடுப்பவர் 5 யூரோ 25 சென்ட்டும் கொடுப்பார். தைப்பவருக்கோ அது ஏறக்குறைய இன்னொரு சம்பளம்.