சுண்ணாம்பு தடவாத கலயம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் காடுகளில் பனையேறியிடம் பதநீர் வாங்கிக் குடித்தவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் விடிகாலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரமும் பாளையும் ஒன்றுதான், நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. வெயில் நாட்டில் இனிப்புச் சாறு தானாகப் புளிக்கும். புளிக்காமல் வைக்கத்தான் மெனக்கெட வேண்டும். இதெல்லாம் தெரிந்த நம் கிறிஸ்தவர்களில் பலர், வேதாகமத்துத் திராட்சரசம் போதையே இல்லாத பழச்சாறு என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு.

திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. மிதித்துப் பிழிந்த சாறு ஓரிரு நாளில் நுரைக்கத் தொடங்கும். புது ரசம் பழைய தோல் துருத்தியைக் கிழித்துவிடும் என்று இயேசு சொன்னதே அந்த நுரைப்பை வைத்துத்தான்; பழச்சாறு எந்தத் தோலையும் கிழிக்காது. பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். பஸ்கா வருவதோ மார்ச், ஏப்ரலில். பஸ்காவை ஒட்டி நடந்த கடைசி இராப்போஜனத்துப் பாத்திரத்தில் ஊற்றியது ஏறக்குறைய ஆறு மாதம் சாடியில் கிடந்த ரசம். சாற்றைச் சாறாகவே புட்டியில் வைக்கும் வழி பரவியதே 1869-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், விஞ்ஞானி லூயி பாஸ்டரின் முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கி அடைத்தார். மதுவை வெறுத்த மெதடிஸ்ட் அவர், திருவிருந்துக்காகவே செய்தார். போதையில்லாத ரசம் ஆதிமுதல் வழக்கத்தில் இருந்திருந்தால் அவருக்கு அந்த வேலையே இருந்திருக்காது.

குழப்பத்தில் பாதி தமிழ்ச் சொல்லால் வந்தது. ரசம் என்றதும் நமக்குச் சாறுதான் தோன்றுகிறது. ஆனால் பழைய மொழிபெயர்ப்பிலேயே, நோவா வெறித்து ஆடை விலகிக் கிடந்தது இதே திராட்சரசத்தால்தான். கானாவூர்க் கல்யாணத்தில் 'திராட்சரசம்' என்று வருவதும், எபேசியர் 5-ல் வெறிகொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கும் இடத்தில் 'மதுபானம்' என்று வருவதும் கிரேக்கத்தில் ஒரே சொல், ஒய்னோஸ். கொரிந்துச் சபையில் திருவிருந்திலேயே சிலர் வெறித்திருந்ததைப் பவுல் கண்டிக்கிறார். பழச்சாற்றைக் குடித்து யார் வெறித்தது?

அக்காலத்தில் சாற்றைக் காய்ச்சிப் பாகாக வைத்தார்களே என்பார்கள். வைத்தார்கள், ரோமர்கள் அதற்குத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். கருப்பட்டி இருக்கிறது என்பதற்காகக் கள் இல்லை என்று ஆகிவிடாது. பஸ்காவில் புளிப்பு ஆகாதே என்பது இன்னும் வலுவான கேள்வி. அந்த விலக்கு தானிய மாவுக்கு உரியது. யூதர்கள் பஸ்கா இரவின் நான்கு கிண்ணத்திலும் வழக்கமாகப் புளித்த ரசத்தையே குடித்துவந்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்து குடிப்பது வழக்கம் என்பது மெய். அதனால் போதை குறையும், இல்லாமல் போகாது.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது பயம். குடியால் தாலி இழந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடியை எதிர்க்க வேதத்தை வளைக்க வேண்டியதில்லை. சகோதரன் இடறுவான் என்றால் திராட்சரசத்தைத் தொடாமலிருப்பதே நல்லது என்று ரோமர் 14-ல் பவுல் எழுதுகிறார். அது வெறும் சாறாக இருந்தால், அதை விடுவதில் எந்தத் தியாகமும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் 'அது சாறுதான்' என்று கேட்டு வளரும் பிள்ளை ஒருநாள் ஆதியாகமம் 9-ஐத் தானே வாசிக்கும். அன்றைக்கு, குடியைப் பற்றி நாம் சொன்ன மற்றதையும் சேர்த்தே சந்தேகிக்கும்.